பனி பெய்யாத ஊரில் கிறிஸ்துமஸ் படங்கள்: எதிலிருந்து தொடங்கலாம்?

கேள்வி இது: "கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்தபின் எனக்கு இது முதல் கிறிஸ்துமஸ். டிசம்பர் பிறந்தால் கணவர் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பழைய ஆங்கிலக் கிறிஸ்துமஸ் படங்களைப் பார்ப்பார்களாம். மாமியாரில் தொடங்கிக் கொழுந்தனார் பிள்ளைகள் வரை ஆளுக்கொரு படத்தைத் தங்கள் படம் என்று சொல்கிறார்கள். நான் மதுரைப் பக்கம் வளர்ந்தவள். பனியும் கலைமானும் சிவப்புத் தொப்பித் தாத்தாவும் எனக்கு ஒட்டவில்லை. இந்தப் படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது? எதை முதலில் பார்க்கலாம்?"

பனியைப் பற்றிய கவலையை முதலில் விட்டுவிடுங்கள். நீங்கள் பார்க்கப்போகும் பனி பெரும்பாலும் பனியே இல்லை. இந்த வரிசையில் தலைமகனாக மதிக்கப்படும் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தை எடுத்தது 1946 ஏப்ரலிலிருந்து ஜூலை வரை, கலிபோர்னியா வெயிலில். அதற்கு முன்பெல்லாம் ஹாலிவுட்டில் பனி வேண்டுமென்றால் வெள்ளைச் சாயம் பூசிய கார்ன்ஃப்ளேக்ஸைக் கொட்டுவார்கள். நடிகர் கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் வரும். அப்புறம் வசனத்தைத் தனியாகப் பேசிச் சேர்க்க வேண்டும். இயக்குநர் ஃபிராங்க் காப்ராவுக்கு வசனம் அந்தந்த இடத்திலேயே பதிவாக வேண்டும். அதனால் அவருடைய ஆட்கள் தீயணைப்பு நுரையோடு சோப்பும் தண்ணீரும் கலந்து, பெரிய விசிறியின் முன்னால் பீய்ச்சியடித்தார்கள். அது சத்தமில்லாமல் விழுந்தது, கோட்டிலும் முடியிலும் நிஜப் பனி போலவே ஒட்டி நின்றது. அந்த உத்திக்காக ஆஸ்கர் அமைப்பு ஒரு தொழில்நுட்ப விருதே கொடுத்தது. கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு குளிரில் நடுங்குவதாக நடிக்கும் நாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் முகத்தில் சில இடங்களில் வியர்வை மினுங்குவதைப் பார்க்கலாம்.

டாங்லின் மால் வாசலில் டிசம்பர் மாலைகளில் நுரையைப் பனியாகப் பொழியவிட்டதையும், பிள்ளைகள் அதில் குதித்துத் தொப்பலாக நனைந்து வந்ததையும் உங்கள் கணவர் வீட்டில் யாராவது சொல்வார்கள். 1946 ஹாலிவுட்டில் விழுந்ததும் நுரைதான். வெளியே வடகிழக்குப் பருவமழை கொட்ட, உள்ளே மின்விசிறியின் கீழே உட்கார்ந்து இந்தப் படங்களைப் பார்க்கிற நமக்கு அவற்றின் மேல் உரிமை ஒன்றும் குறைவில்லை.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் நாற்பது வருஷமாக இந்தப் படங்கள் ஓடுகின்றன. நான் கண்டவரை, பண்டிகைப் படம் என்று பெயர் வாங்கியவற்றில் நிலைத்து நின்றவை எல்லாம் கடனைப் பற்றியவை, வீட்டைப் பற்றியவை, பேச்சு நின்றுபோன உறவைப் பற்றியவை. பண்டிகையன்று சாப்பாட்டு மேசையில் யாருக்கு இடமில்லாமல் போகிறது என்பதைப் பற்றியவை. இவை எதுவும் மதுரைக்காரருக்குப் புதிதில்லை.

அதனால் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தையே முதலில் பாருங்கள். பழசு, கறுப்பு வெள்ளை, 130 நிமிஷம், முதலில் எளிதான ஒன்றைப் பார் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜார்ஜ் பெய்லி என்பவன் சின்ன ஊர்க்காரன். உலகம் சுற்ற ஆசை. பெட்டியெல்லாம் வாங்கி வைத்திருக்கிறான். அப்பா திடீரென்று இறந்துபோகிறார். ஏழைகளுக்கு வீட்டுக்கடன் கொடுக்கும் அப்பாவின் சின்னக் கம்பெனியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஜார்ஜ் தங்கிவிடுகிறான். தம்பி படிக்கப் போகிறான், அண்ணன் போகவில்லை. நம் குடும்பங்களில் இப்படித் தங்கிவிட்ட அண்ணனோ அக்காவோ இல்லாத வீடு எது?

என் அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணம் முடித்துத் தோபாயோவுக்கு வந்தவர். ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தரையில் பேப்பர் விரித்துக் கலகலாவுக்கு மாவு வெட்டிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் இந்தப் படம். ஜார்ஜுக்கு அன்றுதான் கல்யாணம். தேனிலவுக்குக் கிளம்பிய டாக்ஸியிலிருந்து பார்த்தால் ஊரே வங்கி வாசலில் நிற்கிறது. அவனுடைய கம்பெனியிலும் கூட்டம். போட்ட பணத்தை இப்போதே கொடு என்கிறார்கள். அவன் சொல்லிப் பார்க்கிறான்: உங்கள் பணம் பெட்டியில் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் கட்டிய வீட்டுச் சுவரில் இருக்கிறது. யாரும் கேட்பதாக இல்லை. அப்போது புதுப்பெண் மேரி தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரைத் தூக்கிக் காட்டுகிறாள்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "சீட்டுக் கம்பெனியா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். முதலில் வருகிறவர் தன் கணக்கில் உள்ள 242 டாலரையும் கறாராக வாங்கிக்கொண்டு போகிறார். அடுத்தவர் இருபது போதும் என்கிறார். அப்புறம் ஓர் அம்மா தயங்கித் தயங்கி வந்து, பதினேழரை டாலர் கிடைக்குமா என்கிறார். ஜார்ஜ் எட்டி அந்த அம்மாளுக்கு ஒரு முத்தம் கொடுக்கிறான். அம்மாவுக்கு நான் அந்தத் தொகையை மட்டும் தமிழில் சொன்னேன். "அவளுக்கு என்ன தேவையோ அதை மட்டும் கேட்டா பாரு," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு காலத்தில் அம்மாவும் சீட்டில் பணம் போட்டு இழந்தவர். அப்படி ஒரு வாசலில் வரிசையில் நின்றிருக்கிறார். கடை மூடும்போது ஜார்ஜின் கையில் மிஞ்சுவது இரண்டே டாலர். அந்த இரண்டு நோட்டையும் தட்டில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுபோய்ப் பெட்டகத்தில் வைப்பார்கள். அதற்குமேல் அந்தப் படத்தை அம்மாவுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு காட்சிக்குக் காத்திருங்கள். மார்ட்டினி என்ற இத்தாலியக் குடும்பம், வாடகைக் குடிசையிலிருந்து சொந்த வீட்டுக்குப் போகிறது. ஆட்டுக்குட்டி, பிள்ளைகள், பெட்டி படுக்கை எல்லாம் ஒரே காரில். புது வீட்டு வாசலில் ஜார்ஜும் மேரியும் அவர்களுக்கு ரொட்டி, உப்பு, திராட்சை ரசம் மூன்றையும் கொடுக்கிறார்கள். வீட்டில் பசி தெரியக்கூடாது, வாழ்வில் சுவை குறையக்கூடாது, மகிழ்ச்சி நிலைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாழ்த்து. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குச் சாவி வாங்கியதும் நாம் முதலில் எதைக் கொண்டுபோகிறோம்? உப்பு, அரிசி, மஞ்சள். அப்புறம்தான் பால் காய்ச்சுவது. இந்தக் காட்சியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எங்கள் ஐந்தறை வீட்டின் வெறுந்தரையில் அம்மா உப்பு ஜாடியை இறக்கி வைத்த சத்தம் எனக்குக் கேட்கும்.

பின்பாதியில் இருட்டு வருகிறது. மறதிக்கார மாமா கம்பெனியின் 8,000 டாலரைத் தவறவிட, அது ஊர்ப் பணக்காரன் பாட்டர் கைக்குப் போய்விடுகிறது. ஜெயிலுக்குப் போக வேண்டிய நிலையில் ஜார்ஜ் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து ஜெபிக்கிறான். ஸ்டூவர்ட் போரிலிருந்து திரும்பியிருந்த நேரம் அது. குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். அந்தக் காட்சியில் நடித்துக்கொண்டிருக்கும்போதே தான் உண்மையாக அழுதுவிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். காப்ரா அதைத் தள்ளியிருந்துதான் எடுத்திருந்தார். திரும்ப எடுத்தால் அது வராது என்று, எடுத்த படச்சுருளையே ஆய்வகத்தில் பெரிதாக்கி முகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தார். முடிவைச் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், பாட்டருக்குக் கடைசிவரை தண்டனை கிடையாது. அவன் எடுத்த பணம் எடுத்ததுதான். சின்ன வயதில் அது எனக்குக் கோபமாக இருந்தது. இப்போது அதனால்தான் இந்தப் படத்தை நம்புகிறேன்.

இப்படிப்பட்ட படம் வெளிவந்தபோது ஓடவில்லை. ஐந்து ஆஸ்கர் பரிந்துரையில் ஒன்றும் கைக்கு வரவில்லை, போட்ட முதலும் திரும்பவில்லை. கதை பிறந்த விதமும் அப்படித்தான். பிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் எழுதிய சிறுகதையை ஒரு பத்திரிகையும் வாங்கவில்லை. அவரே 200 பிரதி அச்சடித்து 1943 கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டையாக நண்பர்களுக்கு அனுப்பினார். படத்தின் காப்புரிமையை 1974இல் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள். காசு கொடுக்காமல் போடலாம் என்றதும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் டிசம்பர் தோறும் போட்டுத் தள்ளின. வீட்டு ஹாலில் உட்கார்ந்து பார்த்த குடும்பங்கள்தான் அதைத் தூக்கி நிறுத்தின. 1990களில் உரிமை மறுபடி ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனபோது, அது ஏற்கெனவே குடும்பங்களின் சொத்தாகியிருந்தது. உங்கள் மாமியார் தன் படம் என்று சொல்கிறாரே, அதற்கு இவ்வளவு நியாயம் உண்டு. வண்ணம் பூசிய பதிப்பும் கிடைக்கும். அது வேண்டாம். கறுப்பு வெள்ளையிலேயே பாருங்கள்.

இரண்டாவதாக, 1951இல் வந்த பிரிட்டிஷ் படம் 'ஸ்குரூஜ்'. அமெரிக்காவில் இதற்கு மூலக்கதையின் பெயரான 'எ கிறிஸ்துமஸ் கரோல்' என்றே பெயர். சார்லஸ் டிக்கன்ஸ் 1843 டிசம்பர் 19இல் அந்தக் கதையை வெளியிட்டார். கிறிஸ்துமஸுக்குள் முதல் பதிப்பின் 6,000 பிரதியும் விற்றுத் தீர்ந்தது. அதை எத்தனையோ பேர் படமாக்கியிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு 1992இல் வந்த மப்பெட் பொம்மைகளின் படம் அருமை, அதில் மைக்கேல் கெய்ன் பொம்மைகளுக்கு நடுவில் ஒரு நாடக மேடையில் நிற்பவர் போல நடித்திருப்பார். ஆனால் ஒரே இரவில் பேய்கள் வந்து திருத்தும் கஞ்சக் கிழவன் ஸ்குரூஜாக எனக்கு அலஸ்டேர் சிம் ஒருவர்தான். எல்லாரும் பேய்களைப் பற்றிப் பேசுவார்கள். நான் ஒரு கதவைப் பற்றிச் சொல்கிறேன்.

மனம் திருந்திய ஸ்குரூஜ் கிறிஸ்துமஸ் அன்று அக்காள் மகன் ஃபிரெட்டின் வீட்டுக்குப் போகிறார். வருஷா வருஷம் அவன் கூப்பிட்டும் போகாத வீடு. அவன் மனைவியோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. வேலைக்காரப் பெண் கதவைத் திறந்து கோட்டை வாங்கிக்கொள்கிறாள். உள்ளே யாரோ பாடுகிறார்கள். கூடத்துக் கதவுவரை போனவருக்குக் கைப்பிடியைத் தொட முடியவில்லை. திரும்பி அந்தப் பெண்ணைப் பார்க்கிறார். அவள் ஒன்றும் பேசாமல், போங்கள் என்பதுபோல் தலையை ஆட்டுகிறாள். அவ்வளவுதான். அதற்கு அப்புறம் அவர் உள்ளே போய் அந்த இளம்பெண்ணிடம் மன்னிப்புக் கேட்பது எனக்கு இரண்டாம்பட்சம். ஒரு கல்யாணத்தில் தாம்பூலம் சரியாக வைக்கவில்லை என்று பதினோரு வருஷம் எங்கள் வீட்டுப் படி ஏறாத ஒரு சித்தப்பா, அம்மாவுக்கு உடம்பு முடியாதபோது மின்தூக்கிக்கு வெளியே அப்படித்தான் நின்றார். அவரைப் பார்த்துத் தலையாட்டியது எதிர்வீட்டு மலாய்க்கார மக்சிக் (அத்தை மாதிரி).

'மிரக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' படத்தில் 1947ஆம் ஆண்டுப் படத்தைத் தேடிப் பாருங்கள். நியூயார்க்கின் மேசிஸ் கடையில் கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்துக்கு வந்த கிழவர், தான் உண்மையான தாத்தாவேதான் என்கிறார். வழக்கு நீதிமன்றம்வரை போகிறது. எட்மண்ட் குவென் இந்த வேடத்துக்கு ஆஸ்கர் வாங்கினார். 1946இல் மேசிஸ் நடத்திய நிஜ ஊர்வலத்தில் அவரே தாத்தாவாக வண்டியில் போனார், அதைத்தான் படத்தில் பார்க்கிறீர்கள். கோடையில்தான் மக்கள் அதிகம் படம் பார்க்கிறார்கள் என்று தயாரிப்பாளர்கள் இதைக் கோடையிலேயே வெளியிட்டு, விளம்பரத்தில் கிறிஸ்துமஸையே மறைத்துவிட்டார்கள்.

நடுவில் ஒரு சின்னக் காட்சி உண்டு. போருக்குப்பின் ராட்டர்டாம் அநாதை இல்லத்திலிருந்து தத்தெடுக்கப்பட்ட ஒரு சிறுமி வரிசையில் வருகிறாள். ஆங்கிலம் தெரியாது, ஆனாலும் உங்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்றாள் என்று வளர்ப்புத் தாய் தயக்கத்தோடு சொல்கிறார். கிழவர் அந்தக் குழந்தையிடம் டச்சு மொழியில் பேசத் தொடங்குகிறார். இருவரும் சேர்ந்து பாடுகிறார்கள். நமக்கு ஒரு சொல்லும் புரியாது, புரியவும் வேண்டாம். சிறுமியின் முகமே போதும். எதையும் நம்பாமல் வளர்க்கப்பட்ட சூசன் (குட்டி நடாலி வுட்) அதைத் தூரத்திலிருந்து பார்க்கிறாள். அவள் மனசு முதலில் ஆடுவது அங்கேதான். என் அண்ணன் பேத்தி நான்கு வயதுவரை பாட்டியிடம் வளர்ந்ததால் தமிழ் மட்டும்தான் பேசுவாள். ஒரு கடைத்தொகுதியில் தாத்தாவின் முன்னால் அவளை நிறுத்தினோம். வாயே திறக்கவில்லை. தாடிக்குள்ளிருந்து அந்த மனிதர் மெதுவாக, "பேர் என்னம்மா?" என்றார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் ஏற்கெனவே ஒரு படத்தில் பார்த்திருந்தேன்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் 'ஹோம் அலோன்' (1990) ஓடாமல் இருக்காது. திருடர்கள் வழுக்கி விழுவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். நீங்கள் அம்மாவைப் பாருங்கள். பாரிஸுக்குப் பறக்கும்போதே மகனை விட்டுவிட்டு வந்தது தெரிந்து, இறங்கியதும் விமான நிலையத்தில் ஒரு வயதான தம்பதியிடம் சீட்டுக்காகப் பேரம் பேசுகிறாள். பணம், மோதிரம், கைக்கடிகாரம் என்று ஒவ்வொன்றாகக் கொடுக்கிறாள். அப்புறம் பாரிஸிலிருந்து டாலஸ், அங்கிருந்து ஸ்க்ராண்டன், கடைசியில் ஒரு வாத்தியக்குழுவின் வேனில் சிகாகோ. பக்கத்து வீட்டுக் கிழவர் மார்லியையும் கவனியுங்கள். மகனோடு சண்டை, பேச்சில்லை. பேத்தி பாடுவதைக் கேட்க, கோயிலில் மற்றவர்கள் யாரும் பார்க்காத நேரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். ஸ்குரூஜின் அதே கதவு இங்கேயும் வருகிறது. ஜான் வில்லியம்ஸின் இசை இல்லாமல் அந்தக் கோயில் காட்சியை நினைத்துப் பார்க்கவே முடியாது.

'வைட் கிறிஸ்துமஸ்' (1954) பாட்டுக்காக. கதை கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். பலகாரம் சுடும்போது ஓடவிட்டால் நன்றாக இருக்கும். 'டை ஹார்ட்' கிறிஸ்துமஸ் படமா என்று உங்கள் கொழுந்தனார் கட்டாயம் கேட்பார். கதை நடப்பது கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, பிரிந்த மனைவியிடம் திரும்ப வந்தவனின் கதை, அதனால் ஆமாம் என்பேன். ஆனால் அது 1988 ஜூலையில் வந்த படம், முதல் டிசம்பருக்கு அவசரமில்லை.

கடைசியாக ஒன்றை வைத்திருக்கிறேன். இதைப் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1940இல் எடுத்த 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்'. 99 நிமிஷம். இதிலும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்தான் நாயகன். புடாபெஸ்ட்டில் ஒரு தோல்பொருள் கடை. அங்கே வேலை செய்யும் ஓர் ஆணும் பெண்ணும் நேரில் எலியும் பூனையுமாக இருந்துகொண்டு, யாரென்று தெரியாமல் கடிதத்தில் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். இந்தக் கதையைத்தான் 1998இல் மின்னஞ்சலாக மாற்றி 'யூவ் காட் மெயில்' எடுத்தார்கள். காதல் இனிமையானது. ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது முதலாளி மட்டூஷெக்குக்காக.

இருபத்துநான்காம் தேதி இரவு. கடையில் அமோக வியாபாரம் முடிந்துவிட்டது. முதலாளிக்குக் குடும்பம் உடைந்துபோயிற்று, போக இடமில்லை. வாசலில் பனியில் நின்று ஒவ்வோர் ஊழியரிடமும் இன்றைக்கு என்ன ஏற்பாடு என்று விசாரிக்கிறார். எல்லாருக்கும் வீடு இருக்கிறது, யாரோ காத்திருக்கிறார்கள். அவர் யாரிடமும் வற்புறுத்தவில்லை. கடைசியாக வருகிறான் புதிதாகச் சேர்ந்த எடுபிடிப் பையன் ரூடி. அந்த ஊரில் அவனுக்கு யாருமில்லை. பெரியவர் முகம் மலர்ந்துபோகிறது. கோழி சூப் பிடிக்குமா என்று கேட்கிறார். ஆப்பிள் வைத்துச் சுட்ட வாத்துக்கறி எப்படி? வெண்ணெயோடு உருளைக்கிழங்கு? வெள்ளரிக்காய் சாலட்? ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்கப் பையனின் கண் விரிகிறது. இருவரும் சாப்பிடப் போகிறார்கள்.

ஓபிர் ரோட்டில் 1888இல் கட்டிய லூர்து அன்னை ஆலயத்தில் தமிழ்த் திருப்பலிக்குப் போனால் பின்வரிசைகளில் ரூடிகள் நிறையப் பேர் நிற்பதைப் பார்ப்பீர்கள். புதுச்சட்டையில் மடிப்பு கலையாமல், கைப்பேசியில் ஊருக்குக் குடிலைப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டு நிற்பார்கள். இந்தப் படத்தைப் பார்த்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் மதியத்துக்கு அவர்களில் இரண்டு பேராவது வருவார்கள். போன வருஷம் வந்தவர் புதுக்கோட்டைப் பக்கம், துவாஸில் கப்பல் பட்டறை வேலை. முதல் நாள் தொலைபேசியில் அழைத்தபோது வருவதற்குக் கூச்சப்பட்டார். நான் மட்டூஷெக் செய்ததையே செய்தேன். ஆட்டிறைச்சிப் பிரட்டல் இருக்கிறது, நெய்ச்சோறு, கோழிக் குருமா, வெள்ளரிக்காய்ப் பச்சடி, அச்சுமுறுக்கு, கலகலா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் கேட்டார்: "ரசம் இருக்குமா அக்கா?"